ரோதைக்கு வந்த தண்ணீர்

பலாங்கொடை டவுனை ஒட்டி, தேயிலை முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் சொந்தக்கார அக்கா ஒருவரின் வீடு இருக்கிறது. கட்டி ஐந்தாறு வருடம்தான். பின்சுவர் மட்டும் ஒருநாளும் காய்ந்ததில்லை. முழங்கால் உயரத்துக்குப் பூச்சு ஊறி, உப்புப் பூத்து, தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. இரண்டு முறை மேசன் பாஸ் வந்து கொத்திப் பூசினார். டின்னில் விற்கிற ஏதோ கலவையும் தடவிப் பார்த்தார். ஒரு மழை போனதும் அதே ஈரம். மூன்றாவது முறை வந்தவர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது சுவர்ல பிழை இல்ல. அடியில தண்ணி இருக்கு."

திண்ணையில் இருந்த பெரியப்பாவுக்குக் காது மந்தம். எண்பதைத் தாண்டியவர். இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. "இருக்காம எங்க போகும்? அது ஸ்டோர் கொளத்து ஈசான மூல."

அந்த வரிசையில் ஏழெட்டு வீடுகள். முன்னால் ஒரு கடை, ஒரு டியூஷன் வகுப்பு, ஓட்டோக்கள் நிற்கிற திருப்பம். குளத்துக்குள்தான் குடியிருக்கிறோம் என்பதை அறிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

குளம் என்றதும் தாமரையையும் படித்துறையையும் நினைக்க வேண்டாம். தோட்டத்தில் ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. ஸ்டோருக்கு மேலே, மலையின் மடிப்பில், மூன்று பக்கம் மண்ணும் ஒரு பக்கம் கருங்கல்லுமாகக் கட்டிய நீர்த்தொட்டி அது. ஓடையை மேலே மறித்து, மலையைச் சுற்றி மட்டம் பார்த்து வெட்டிய கான் ஒன்று அதற்குள் வந்து விழும். கற்சுவரின் அடியிலிருந்து ஒரு பெரிய இரும்புக் குழாய் புறப்பட்டு, சரிவில் செங்குத்தாக இறங்கி, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த டர்பைன் அறைக்குள் நுழையும். நான் பார்த்தபோது டர்பைன் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. குளத்தில் பாதிக்கு மேல் சேறு. எருமைகள் படுத்திருக்கும்.

ஒரு தேயிலை ஸ்டோருக்குக் குளம் எதற்கு என்பது ஒரு சின்னக் கணக்கு. ஓடை வினாடிக்கு 20 லீற்றர் தண்ணீர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தைச் சுழற்ற 50 லீற்றர் வேண்டும். நேராகத் திறந்துவிட்டால் சக்கரம் முனகிக்கொண்டு நிற்கும். அதே ஓடையை ஏழரை மணி நேரம் மறித்து வைத்தால் 5,40,000 லீற்றர் சேரும். விடிவதற்கு முன் மடைப் பலகையைத் தூக்கினால், ஓடையும் சேமிப்புமாகச் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவின்றி 50 லீற்றர் கொடுக்கும். அந்தத் தண்ணீர் 30 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 15 கிலோவாட் வலு. உராய்விலும் மெஷினை இழுக்கிற தோல் வாரிலும் போகிறது போக மிஞ்சுவது அதில் பாதி என்றாலும், தேயிலை உருட்டும் மெஷின்களில் ஒன்றை ஓட்டப் போதும்.

இந்தக் கணக்குக்கும் தேயிலையின் கணக்குக்கும் நேரம் பொருந்தி வந்தது. பகலில் பறித்த கொழுந்தை மாலையில் ஸ்டோரின் மேல்மாடியில் தட்டுகளில் பரப்புவார்கள். இராத்திரி முழுக்க அது வாடும். தன்னிடமுள்ள நீரைக் காற்றுக்குக் கொடுத்து, உருட்டினால் உடையாத பதத்துக்கு வரும். விடியற்காலையில்தான் உருட்டுவார்கள். ஆகவே மேலே கொழுந்து தண்ணீரை இழந்துகொண்டிருக்கிற அதே இரவில் வெளியே குளம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டிருக்கும். அந்த மாடியில் நிறைகிற வாசனையும் கானிலிருந்து குளத்தில் விழுகிற தண்ணீரின் சத்தமும்தான் பெரியப்பாவின் இளமைக்கால இரவு. "சத்தம் மாறுச்சுன்னா கொளம் ரொம்பிருச்சுன்னு அர்த்தம். டீமேக்கர் ஐயா கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லிருவாரு" என்றார்.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொழிலாளர்கள் குடியிருந்த லயம் நினைவுக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை. அதையும் இரவில் சேர்த்துவைக்கக் கட்டினார்கள். விடியற்காலையில் தப்பு அடித்தால் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் ஆட்கள் திறந்துவிடப்பட வேண்டும். வேலைக்குத் தேவையான நேரத்தில் தேவையான அளவு கையருகில் இருக்க வேண்டும், மற்ற நேரத்தில் ஓடிவிடக் கூடாது. குளத்துக்குக் கற்சுவர். லயத்துக்குக் கடனும் பற்றுச்சீட்டும் கங்காணியும். இரண்டையும் ஒரே துரை, ஒரே நோட்டுப் புத்தகத்தில் திட்டமிட்டிருப்பான்.

தண்ணீரை வேலைக்கு வைத்தது தேயிலைக்கு முந்திய காலம். கோப்பித் தோட்டங்களில் பழத்தின் சிவப்புத் தோலை உரிக்கிற மெஷினை நீர்ச்சக்கரம் ஓட்டியது. உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவவும் தண்ணீர். கழுவிய தண்ணீர் கீழேயுள்ள ஓடையில் நாறும். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பூஞ்சை தெரிந்தது. பத்துப் பதினைந்து வருடங்களில் இலங்கையின் கோப்பி விழுந்தது. பூஞ்சை தெரிவதற்கு இரண்டு வருடம் முன்னதாக, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பியைப் பிடுங்கிவிட்டு எல்லோரும் அவர் வழியில் போனார்கள். மரம் மாறியது. சக்கரத்தையும் கானையும் யாரும் மாற்றவில்லை, பெரிதாக்கினார்கள்.

மரச்சக்கரம் போய் இரும்பு டர்பைன் வந்தது. கலிபோர்னியாத் தங்கச் சுரங்கங்களுக்காக லெஸ்டர் பெல்ட்டன் 1880இல் காப்புரிமை பெற்ற சக்கரம், இரட்டைக் கிண்ணங்களை விளிம்பில் வரிசையாகக் கோத்தது போலிருக்கும். உயரத்திலிருந்து குறைந்த தண்ணீர் விழுகிற மலைநாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. இங்கிலாந்தின் கெண்டல் என்ற சிற்றூரில் கில்க்ஸ் கம்பனி வார்த்த டர்பைன்கள் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டங்களில் இப்படிச் சுழன்றவை சுமார் 500 என்பது பொறியியலாளர்கள் சொல்லும் கணக்கு. 500 டர்பைன் என்றால் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்த 500 கான். பாதிக்காவது ஒரு குளம் இருந்திருக்கும். இலங்கைக் குளங்களின் வரலாற்றை எழுதியவர்களில், நான் அறிந்தவரை, யாரும் அவற்றைக் குளத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதற்கு ஒரு காரணம் பெயர். நீர்நிலைக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. வயலுக்குப் பாய்ந்தால் ஏரி, கண்மாய். குடிக்க எடுத்தால் ஊருணி. சாமி வலம் வந்தால் தெப்பக்குளம். தாமரை பூத்தால் பொய்கை. பெயரைக் கேட்டதும் அதை யார் புழங்கினார்கள் என்று தெரிந்துவிடும். அவற்றைப் பேணுகிற முறைக்கும் பெயர் உண்டு. குடிமராமத்து என்றால் ஊரே இறங்கித் தூர் எடுப்பது. மடை திறக்கிற ஆளுக்கு நீர்க்கட்டி என்று பெயரும் விளைச்சலில் ஒரு பங்கும் இருந்தன. சக்கரத்துக்காகத் தண்ணீர் தேக்கிய நிலைக்கு நம்மிடம் சொல் இல்லை. எங்கள் ஆட்கள் 'ஸ்டோர் குளம்' என்று சமாளித்தார்கள். தூர் எடுத்தவர்களும் பலகை தூக்கியவர்களும் அவர்கள்தான். பங்கு கிடையாது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். பாதி நாளில் விட்டால் அரைப்பேர். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவர்கள் பேராகவும் அரைப்பேராகவும் இருந்தார்கள்.

சொல் இல்லாத இடத்தில் சாமி வந்தது. சக்கரத்துக்குச் சிங்களத்தில் ரோதய. அது எங்கள் வாயில் ரோதை ஆனது. நீர்ச்சக்கரத்துக்கும் ரோதை, உருட்டுகிற மெஷினுக்கும் ரோதை. கூரையை ஒட்டி ஸ்டோரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும். வேட்டி நுனியோ கைவிரலோ வாரில் பட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தைக் காக்க ரோதை முனி என்று ஒரு காவல் தெய்வத்தை மலையகத் தமிழர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். கவ்வாத்துக் கத்தியைக் காக்கிற கவ்வாத்துச் சாமியைப் போல. தமிழ்நாட்டிலிருந்து மாரியம்மனும் மதுரைவீரனும் கூடவே வந்தார்கள். ரோதை முனிக்குத் தமிழ்நாட்டில் ஊர் இல்லை, அவர் ஸ்டோரிலேயே பிறந்தவர். பாதி சிங்களச் சொல், பாதி தமிழ்ச் சொல், உடம்பு ஸ்கொட்லாந்து இரும்போ இங்கிலாந்து இரும்போ. இந்த நாட்டில் எங்களுக்கென்று பிறந்த தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிறப்புச் சான்றிதழ் இருக்க முடியாது.

பின்னாட்களில் டர்பைனோடு டைனமோவும் சேர்ந்தது. ஸ்டோரில் பல்பு எரிந்தது, துரை பங்களாவில் எரிந்தது. இரண்டுக்கும் நடுவே மரக்கம்பத்தில் கம்பி போயிற்று. அந்தக் கம்பி லயத்துக்கு மேலாகத்தான் போகும். "எங்க கூரைக்கு மேல கரண்டு, கூரைக்குக் கீழ குப்பி லாம்பு" என்றார் பெரியப்பா. குறையாகச் சொல்லவில்லை, திசை காட்டுகிறவரைப் போலக் கையை மேலும் கீழும் அசைத்துச் சொன்னார். பெரும்பாலான தோட்டங்களில் இந்த நிலை தொழிற்சாலைக்கு மின்சாரம் வந்து பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தது.

லயத்துக்கு அந்தக் குளத்திலிருந்து கிடைத்தது வேறொன்று. கற்சுவரின் ஈசான மூலையில் ஒழுக்கு. கட்டும்போதே அப்படியா, மரவேர் புகுந்ததாலா, சொல்ல முடியாது. ஒவ்வொரு கோடையிலும் களிமண்ணும் சாக்கும் வைத்து அடைப்பார்கள். ஒரு மாதத்தில் மறுபடி கசியும். அந்தக் கசிவு பாறையிடுக்கில் இறங்கி, நூறு அடி தள்ளி, கீழே இருந்த பணிய லயத்துக்குப் பக்கத்தில் வெளிப்பட்டது. அங்கே யாரோ மூங்கிலைப் பிளந்து வைத்தார்கள். அது பீலி ஆயிற்று. குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் அதுதான். குளத்தில் இறங்கினால் தண்டம், கானில் கைவைத்தால் தண்டம். பீலிக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது நட்டக் கணக்கில் போய்விட்ட தண்ணீர்.

அடைக்கச் சொன்னவன் துரை. களிமண் சுமந்தவர்கள் பணிய லயத்து ஆண்கள். "நல்லா இறுக்கித்தான் அடைச்சீங்களா?" என்று கேட்டேன். பெரியப்பா பொக்கை வாயால் சிரித்தார். "தண்ணி நமக்குன்னு வரல தம்பி. ரோதைக்கு வந்துச்சு. கொஞ்சம் வழி தவறுச்சு."

இந்தச் சிரிப்புக்குப் பிறகு குளத்தைப் பற்றி நான் நினைத்திருந்தது மாறிவிட்டது. தேக்கிய தண்ணீர் யாருடையது என்பதற்குப் பத்திரம் இருக்கும், வரைபடம் இருக்கும். தப்பிய தண்ணீருக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் நூறு வருடம் ஒரு லயம் உயிரோடிருந்தது தப்பிய தண்ணீரில்தான்.

குளம் வற்றிய கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த நாட்டின் ஆறுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் தரலாம் என்று கட்டுரை படித்தார். நானுஓயாவுக்கு அருகே பிளக்பூலில் அவர் சிறிதாகச் செய்தும் காட்டியிருந்தார். லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அதன் கம்பி மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கு வந்தது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் இன்ஜினும் வந்தது. சுவிட்சைப் போட்டால் ஓடுகிற மோட்டர் இருக்கும்போது கானில் விழுந்த இலையை அள்ள எதற்கு நாலு பேர்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த மாற்றத்துக்கு நடுவில் கானுக்குச் செலவு எழுத யாருக்கும் மனமில்லை. இரண்டு மழைக்குக் கான் உடைந்தால் போதும், குளம் குட்டையாகிவிடும்.

குளத்தை அறிந்த ஆட்களும் அதே வருடங்களில் போனார்கள். 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பலாங்கொடை வளவில் வளர்ந்தவர் என்பதைப் பெரியப்பா எந்தக் கசப்பும் இல்லாமல், "நம்ம ஊரு அம்மா" என்றுதான் சொல்வார். கானைப் பார்த்துக்கொண்டவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழருக்கு எதிரான வன்முறையில் லயங்கள் எரிந்தபோது இன்னும் சிலர் வவுனியாப் பக்கம் போனார்கள். மட்டம் பார்க்கத் தெரிந்த கண், ஒழுக்கின் மூலை தெரிந்த கை, எல்லாம் சிதறிவிட்டன. 'பேர்' கணக்கு மட்டும் செக்ரோலில் மிஞ்சியது.

இந்த ஊருக்குத் தண்ணீரையும் காற்றையும் வேலைக்கு வைப்பது புதிதல்ல. பலாங்கொடைக்குக் கிழக்கே வளவ கங்கையை மறித்துச் சமனலவெவ அணை கட்டத் தொடங்கியபோது, நீரில் மூழ்கப்போகிற பகுதியைத் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மேற்குப் பார்த்த மேடுகளின் விளிம்பில் வரிசை வரிசையாக இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வீச்சை மட்டும் நம்பி, ஆயிரம் வருடத்துக்கும் முன்பே அங்கே எஃகு எடுத்திருக்கிறார்கள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி, காற்று வரக் காத்திருந்து, உருக்கியும் காட்டினார். 1996இல் அது உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் வெளிவந்தது. காற்றைத் தேக்கிவைக்க முடியாது. அதனால் அந்தக் கொல்லர்கள் காற்றின் நேரத்துக்குத் தங்கள் நேரத்தை ஒப்புக்கொடுத்திருந்தார்கள். தேக்க முடிகிற தண்ணீர் கையில் வந்த பிறகுதான் மனிதர்களையும் தேக்கிவைக்கிற எண்ணம் வருகிறது போலும்.

உலைகளுக்கு மேல் 1992இல் தண்ணீர் ஏறியது. 110 மீற்றர் உயர அணை, 120 மெகாவாட் மின்நிலையம். ஸ்டோர் குளத்தின் கணக்குத்தான், பல ஆயிரம் மடங்கு பெரிதாக. ஆனால் அங்கேயும் ஒரு மூலை ஒழுகியது. வலது கரையின் சுண்ணாம்புப் பாறைக்குள் வழி கண்டுபிடித்து, அணைக்குக் கீழே பொங்கி வந்தது தண்ணீர். சிமெந்துக் கலவை செலுத்திப் பார்த்தார்கள். பிறகு படகிலிருந்து களிமண்ணைக் கொட்டி ஏரியின் அடியில் விரித்தார்கள். எங்கள் ஆட்கள் சாக்கில் சுமந்த அதே வைத்தியம். ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் கீழே கல்தொட்டை வயல்களுக்குப் பாய்கிறது. மின்சாரத்தின் பக்கத்தில் அது நட்டம். வயலின் பக்கத்தில் அது போகம்.

தோட்டத்து டர்பைன்களில் சில மறுபிறவியும் எடுத்தன. 1980களிலிருந்து பழைய கான்களைத் தோண்டி, சின்ன மின்நிலையங்களாக்கும் முயற்சிகள் நடந்தன. 1996இல் டிக்கோயாவில் ஒன்று தேசிய மின்வலையமைப்புக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. கேகாலை, இரத்தினபுரிக் கிராமங்களில் சனங்கள் சங்கம் அமைத்து, ஓடையை மறித்து, வீட்டுக்கு இரண்டு பல்பு எரியச் செய்தார்கள். அந்தச் சிங்களக் கிராமங்களில் கானும் குளமும் சங்கத்துக்குச் சொந்தம், முறை வைத்துத் தூர் எடுத்தார்கள். குடிமராமத்துத்தான் அது. அப்படியொரு சங்கம் அமைக்க லயத்தில் இருப்பவருக்கு ஓடையும் சொந்தமில்லை, கால் வைத்திருக்கிற தரையும் சொந்தமில்லை.

எங்கள் குளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. டவுன் மேலேறி வந்தது. ஸ்டோரை மூடித் தகரத்தையும் தண்டையும் பழைய இரும்புக்கு எடை போட்டார்கள். குழாயை அறுத்துக்கொண்டு போனார்கள். குளத்தில் மண் கொட்டி மட்டப்படுத்தி, துண்டு பிரித்தார்கள். மத்திய கிழக்கில் பதினோரு வருடம் வீட்டுவேலை செய்த காசில் அக்கா ஒரு துண்டு வாங்கினார். எங்கள் குடும்பத்தில் தன் பெயரில் உறுதி முடித்த முதல் ஆள் அவர்தான். அந்த ஏழு பேர்ச் காணியின் மூலையில்தான் இந்தத் தண்ணீர்.

இன்னும் ஒருமுறை பாஸைக் கூப்பிடலாம், சுவருக்கு வெளியே ஆழமாகத் தோண்டிக் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்பலாம் என்று நான் யோசனை சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த முறை போனபோது செய்திருந்தது வேறு. சுவரடியில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வெட்டிப் பாத்தி இறக்கி, ஈரம் அதில் வந்து சேரும்படி விட்டிருந்தார். பாத்தி முழுக்கக் கங்குன் கீரை. சுவரின் உப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது.

பெரியப்பா பாத்தியோரம் குந்தியிருந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். புறப்படும்போது அக்கா இரண்டு கட்டு அறுத்துத் தந்தார். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். இரத்தினபுரி தாண்டும்போது காற்சட்டை நனைந்திருந்தது.